தொல்லியலில் ஒருவரையும் தெரியாது, எங்கே போய் யாரிடம் பேசுவது?

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகர். புதுச்சேரியில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முடித்ததும் தொல்லியல் பக்கம் போக வேண்டும். சின்ன வயதிலிருந்தே கனவு என்றெல்லாம் கதை விடமாட்டேன். போன வருஷம் வகுப்பில் எங்களை அரிக்கமேட்டுக்குக் கூட்டிப் போனார்கள். தோப்புக்குள் நிற்க வைத்து, இந்த ஊருக்கும் ரோமுக்கும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வியாபாரம் நடந்தது என்று சார் சொன்னார். தினமும் அரியாங்குப்பம் பாலத்தை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டேதானே தாண்டியிருக்கிறோம் என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பிடித்தது.

பிரச்சினை என்னவென்றால் இந்தத் துறையில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் போடும் வேலை. "அதுக்கு யாரைப் பிடிக்கணும்?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் பார்த்த உலகத்தில் எந்த வேலைக்கும் யாரையாவது பிடித்தாக வேண்டும். எனக்குப் பதில் தெரியவில்லை.

இதுவரை பதினோரு பேருக்கு மெயில் போட்டிருக்கிறேன். ஒரே ஒருவர் "வாழ்த்துகள்" என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினார். போன மாதம் ஒரு கருத்தரங்குக்கும் போனேன். டீ இடைவேளையில் எல்லாரும் வட்டம் வட்டமாக நின்று பேசுகிறார்கள். நான் பேப்பர் கப்போடு சுவர் ஓரமாக நின்றுகொண்டு மூன்று முறை போய் மெதுபக்கோடா எடுத்து வந்தேன். பசியெல்லாம் இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் அல்லவா. பஸ் ஏறியதும் அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லிங்க்ட்இன் கணக்கு தொடங்கச் சொல்கிறார்கள், அதனால் பயன் உண்டா? என் ஆங்கிலம் சுமார்தான், அதுதான் காரணமா? அகழாய்வில் சம்பளம் இல்லாமல் போய் வேலை செய்யலாமா? பெண்ணாகத் தனியாகப் போவது பற்றியும் யாராவது அக்கா இருந்தால் சொல்லுங்கள்.


ஓட்டுச்சில்லு:

தங்கச்சி, அந்த மெயிலை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு. நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுத முடியாது.


கெடிலக்கரை:

சிரிக்கக் கூடாது. ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் எம்.ஏ. வரலாறு பயிலும் மாணவி. எனக்குத் தொல்லியலில் மிகுந்த ஆர்வம் உண்டு. தங்களின் கீழ்ப் பணியாற்ற ஒரு வாய்ப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தன்விவரக் குறிப்பை இத்துடன் இணைத்துள்ளேன்."


ஓட்டுச்சில்லு:

சிரிக்கவில்லை, நானும் இதே மெயிலைத்தான் ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் அனுப்பினேன். ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. இதை வாசிப்பவருக்கு உங்களைப் பற்றி இரண்டு விஷயம் தெரிகிறது. ஆனால் அவர் யார், என்ன எழுதியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. இதையே ஒரு மீன்வளப் பேராசிரியருக்கு அனுப்பினாலும் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். "வாய்ப்பு வழங்குங்கள்" என்பதற்கு அவர் என்ன பதில் எழுதுவார்? எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை, கோபத்தில் இல்லை.

நீங்கள் முதுநகர் என்கிறீர்கள். உங்கள் வீட்டுக்குத் தெற்கே சிப்காட் பக்கம் காரைக்காடு, குடிகாடு இருக்கிறதே, சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டி, அரிக்கமேட்டில் கிடைத்த மாதிரியே ரௌலட் ஓடுகள், அதாவது உடைந்த மண்பாண்டத் துண்டுகள், எடுத்திருக்கிறார்கள் என்பது தெரியுமா? தட்டின் உள்பக்க அடியில் வட்டம் வட்டமாகப் புள்ளி வரிகள் ஓடும், அதுதான் ரௌலட். வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1945-இல் அரிக்கமேட்டில் அதைப் பார்த்துவிட்டு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தார். பிற்பாடு மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் இந்தியாவிலேயே செய்தது என்று ஆயிற்று. இப்போது மெயில் இப்படிப் போகட்டும்:

"ஐயா, ரௌலட் ஓடுகள் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவள், காரைக்காடு எங்களுக்குப் பக்கம். அங்கே கிடைத்த ஓடுகளையும் அரிக்கமேட்டு ஓடுகளையும் யாராவது பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்களா, அந்த ஓடுகள் இப்போது எங்கே இருக்கின்றன, மாணவர்கள் பார்க்க அனுமதி உண்டா? ஒரு வரியில் பதில் தந்தாலும் போதும்."

அவ்வளவுதான். வேலை கேட்காதீர்கள், தன்விவரம் இணைக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும், ஆனால் அது கூகுளில் கிடைக்காத பதிலாகவும் இருக்க வேண்டும். பதில் வந்தால் நன்றி சொல்லி, அவர் சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பார்த்தது என்ன என்று இரண்டு வாரத்தில் இன்னொரு மெயில். நிறையப் பேர் இந்த இரண்டாவது மெயிலை அனுப்பமாட்டார்கள். பழக்கம் என்பது அதில்தான் தொடங்குகிறது. கட்டுரையை உண்மையிலேயே வாசித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை, வாசிக்காமல் எழுதினால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

லிங்க்ட்இன்: வைத்துக்கொள்ளுங்கள், செலவில்லை. நம் ஊரில் குழி போடுகிறவர்கள் யாரும் அதைப் பார்த்து ஆள் எடுத்ததாக எனக்குத் தெரியாது. வாட்ஸ்ஆப் குழுக்கள்தான் உயிரோடு இருக்கின்றன. காலை வணக்கம் ரோஜாப்பூ ஐம்பது படத்துக்கு நடுவே "நாளை முதல் ஓடு கழுவ நாலு பேர் வேண்டும்" என்று ஒரு செய்தி வரும், ரோஜாப்பூவுக்குப் பொறுமை வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் ஓர் அகழாய்வுக்குப் போனபோது, தோண்டி எடுத்த ஓடுகளைக் கழுவிக் காயவைக்கும் ஓட்டு முற்றத்தில் போட்டார்கள். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், பல் தேய்க்கும் பிரஷ், காலையிலிருந்து மாலை வரை ஓடு தேய்க்க வேண்டியது. தேய்த்ததைக் குழி வாரியாக, மண்ணடுக்கு வாரியாக வெயிலில் பரப்பி ஒவ்வொரு தட்டிலும் சீட்டு வைக்க வேண்டும். காய்ந்ததும் ஓட்டின் உள்பக்கம் கறுப்பு மையில் எண் எழுதுவார்கள். முதல் வாரமே காற்றடித்து இரண்டு தட்டுகளின் சீட்டு பறந்துவிட்டது. எந்தச் சீட்டு எந்தத் தட்டுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் இருந்த பையன் அதைத்தான் செய்யச் சொன்னான். எந்தக் குழி, எத்தனையாவது அடுக்கு என்று தெரியாத ஓடு வெறும் ஓடு, ரோட்டில் கிடப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அரை மணி நேரம் வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் போய்ச் சொன்னேன். எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. இரண்டு தட்டையும் கணக்கில் சேர்க்காமல் ஓரமாக வைத்தார்கள். அந்த வருஷம் வேலை முடிந்து வந்த பிறகு என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் அதே மனிதர் போன் செய்து, "தப்பு பண்ணினா சொல்லுற பையன்தானே நீ, பை எடுத்துக்கிட்டு வா" என்றார். இன்றைக்கு எனக்குத் துறையில் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவர் வழியாகப் பழக்கமானவர்கள்.

இன்னொன்று. குழிக்குள் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்களோடு பேசுங்கள். கொத்தால் தட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா, "தம்பி, சத்தம் மாறுது" என்று கையை நிறுத்தினார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. கரணையால் மெதுவாகச் சுரண்டினால் கீழே கெட்டித்த தரை. மூன்று வருஷம் மூன்று குழியில் இருந்தவர் அவர், நான் மூன்று நாள். பேராசிரியர்களின் போன் நம்பரைத் துரத்துகிறவர்கள் இந்த அக்காவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளமாட்டார்கள்.


வண்டிப்பாளையம் மைனா:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறை என்னவென்றால் சிபாரிசு. நான் ஓர் இடத்தில் இரண்டு சீசன் இலவசமாக உழைத்தேன், மூன்றாவது சீசனில் சம்பளத்தோடு இடம் வந்தபோது மண்ணையே தொடாத ஒருவர் வந்து உட்கார்ந்தார். தங்கச்சிக்கு வீணாக நம்பிக்கை ஊட்டாதீர்கள். பி.எட். முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போகச் சொல்லுங்கள்.


ஓட்டுச்சில்லு:

மைனா, உங்களுக்கு நடந்தது அநியாயம், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கும் ஒரு முறை நடந்திருக்கிறது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். நிரந்தர வேலைக்குப் பரீட்சை இருக்கிறது. மாநிலத் தொல்லியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது, கல்லூரி ஆசிரியர் ஆவதற்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் தொல்லியல் தனிப் பாடமாகவே இருக்கிறது, பாட எண் 67. அங்கே யாரைத் தெரியும் என்பது கணக்கில் இல்லை. ஒப்பந்த வேலையில்தான் ஆள் பழக்கம் பேசும். அதனால்தான் தங்கச்சிக்கு இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இலவச வேலை பற்றி என் கணக்கு இது: ஒரு சீசன், அதிகம் போனால் இரண்டு. அதுவும் சாப்பாடு, தங்குமிடம் அவர்கள் பொறுப்பு, முடிவில் என்ன வேலை செய்தேன் என்று எழுதிய சான்றிதழ், அறிக்கையில் பெயர். இதைப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்தால், மைனாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.


மைப்படி:

கெடிலக்கரை, நான் கல்வெட்டுப் பக்கம். உன்னைவிட ஏழெட்டு வயது பெரியவள் என்று நினைக்கிறேன், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவர் ஓரம். நானும் அங்கேதான் நின்றிருக்கிறேன், மெதுபக்கோடாவுக்குப் பதில் மேரி பிஸ்கட். பெரியவர்களின் வட்டத்துக்குள் முண்டிப் போகாதே, அவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கும் சிநேகிதர்கள், பேசட்டும். உன்னைப் போலவே சுவர் ஓரமாக நிற்கும் இன்னொரு பெண் எங்காவது இருப்பாள், அவளிடம் போ. நான் அப்படிப் பேசிய ஒருத்தி இன்று ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள், இன்னொருவன் செப்பேடு படிக்கிறான், எனக்குச் சந்தேகம் வந்தால் இரவு பதினோரு மணிக்கும் போட்டோ அனுப்பக்கூடியவர்கள் அவர்கள்தான். பத்து வருஷம் கழித்து இந்தத் துறை உன் வயதுக்காரர்கள் கையில் இருக்கும். அதோடு, புத்தக மேசை போட்டிருக்கும் பக்கம் நில். அங்கே வருகிறவர்கள் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரிடமாவது அதைப் பற்றிச் சொல்ல மாட்டோமா என்ற நிலையில் இருப்பார்கள்.

எந்தக் கருத்தரங்கு என்பதும் முக்கியம். இந்தியத் தொல்லியல் கழகம் மாதிரி அகில இந்திய அமைப்புகளின் மாநாடு பெரியது, ரயில் செலவு ஆகும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ தொடங்க வேண்டிய இடம் தஞ்சாவூர்த் தமிழகத் தொல்லியல் கழகம். ஆண்டுக்கு ஒரு முறை கூட்டம் போடுவார்கள், 'ஆவணம்' இதழ் வரும், அதில் அந்த வருஷம் புதிதாகக் கிடைத்த கல்வெட்டுகளின் வாசகம் இருக்கும். எழுதியவர்கள் யார் என்று பார், பேராசிரியர்களோடு பள்ளி ஆசிரியர்களும் ஊர் ஆர்வலர்களும் இருப்பார்கள். முதல் தடவை போனபோது எனக்கு அதுதான் ஆச்சரியம், கூட்டம் முழுக்கத் தமிழில் நடந்தது என்பது இரண்டாவது ஆச்சரியம்.

புதுச்சேரியில் படிக்கிறாய், உனக்கு இருக்கும் வசதி உனக்கே தெரியவில்லை. செயின்ட் லூயிஸ் வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இலிருந்து இருக்கிறது. தென்னிந்தியக் கோயில்களின் புகைப்படம் லட்சத்துக்கு மேல் அங்கே உண்டு. அங்கிருக்கும் சைவச் சுவடித் தொகுதியை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. துய்மா வீதியில் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளி, பெயர்தான் பள்ளி, அதுவும் ஆய்வு நிறுவனம்தான். கல்லூரி அடையாள அட்டையோடு போய் நூலகத்தில் உட்கார அனுமதி கேள். யாரையும் "சந்திக்க" போகாதே, வாசிக்கப் போ. வாரம் இரண்டு நாள் ஒரே மேசையில் இரண்டு மாதம் உட்கார்ந்தால், "என்னம்மா தேடுறீங்க?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்தான் பின்னால் என்னைப் பாகூருக்குக் கூட்டிப் போனார்.

பாகூர் மூலநாதர் கோயில் உங்கள் கடலூர் ரோட்டிலிருந்து எட்டிப் போகும் தூரம். சுவர் முழுக்கக் கல்வெட்டு. அந்த ஊருக்கு ஒரு பல்லவச் செப்பேடும் உண்டு, நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கே இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்குக் கிராமங்கள் தானம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் மேற்கே விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம், முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டில் 340 மாணவர், 14 ஆசிரியர் என்று கணக்கே இருக்கிறது. மாணவர்களின் சாப்பாட்டுக்கு நெல் அளந்த கல்வெட்டை ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டே படித்திருக்கிறேன்.

கல்வெட்டைத் தாளில் படி எடுப்பதை நேரில் பார்த்திருக்கிறாயா? கல்லைத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் நன்றாகக் கழுவ வேண்டும், பழைய சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் எழுத்துக்குள் அடைந்திருக்கும். தாளை நனைத்துக் கல்மேல் விரித்து, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் வற்றியதும் மை ஒற்றியால் ஒற்றிக்கொண்டே போனால் சுற்றிலும் கறுப்பாகி எழுத்து வெள்ளையாக மேலே வரும். இதில் ஒற்றுவது ஒருவர் வேலை. ஆனால் தாளை விரிக்கும்போது காற்றில் மடங்காமல் மறுமுனையைப் பிடிக்க இன்னொரு ஆள் கண்டிப்பாக வேண்டும். நான் முதல் ஆறு மாதம் மறுமுனை பிடித்தவள். மறுமுனை பிடிக்கிறவளுக்குத்தான் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வருவது நன்றாகத் தெரியும், ஒற்றுகிறவருக்கு மைதான் கண்ணில் படும். "சார், ஓர் ஆள் தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன்" என்று சொல்லிப் பார். ஆர்வம் இருக்கிறது என்பவர்கள் நூறு பேர், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் இரண்டு பேர்.

கோயிலுக்குப் போனால் குருக்களையும் ஊர்ப் பெரியவர்களையும் முதலில் பார்த்துப் பேசு. எந்தச் சுவரில் வெள்ளையடித்தார்கள், எந்தக் கல்லைப் படிக்கட்டில் போட்டார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பெண்ணாகத் தனியாகப் போவது. யார் யார் வருகிறார்கள், பெண்கள் எத்தனை பேர், எங்கே தங்குவது, கழிப்பறை இருக்கிறதா, இந்த நாலையும் போனிலேயே கேள். கழிப்பறை கேட்க வெட்கப்படாதே, பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று சிறுநீர்த் தொற்று வாங்கியவள் சொல்கிறேன். பதிலை மழுப்பினால் போகாதே, அந்த ஒரு வாய்ப்பு போனால் போகட்டும். போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போ. அப்புறம் ஒன்று, நான் வாசித்துக் கொடுத்த ஒரு கல்வெட்டு வேறொருவர் பெயரில் அச்சாகி வந்தது. யார் என்று சொல்லமாட்டேன், சொல்லி இப்போது பயனில்லை. அன்றிலிருந்து எந்த வாசிப்பையும் வாயால் சொல்வதில்லை, மெயிலில் தேதியோடு அனுப்பிவிட்டுத்தான் பேசுவேன்.

மேற்படிப்புக்கு கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறையின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் இருப்பதைக் குறித்து வைத்துக்கொள். 2020-இல் அதற்கான தகுதிப் பட்டியலில் தமிழைச் சேர்க்காமல் விட்டு, இங்கே சத்தம் போட்ட பிறகுதான் சேர்த்தார்கள். அங்கே போனால் நாடு முழுக்க ஆள் பழக்கமாகும், இந்தியும் கொஞ்சம் பழகும்.


பலாமரத்தடி:

வணக்கம் பாப்பா. நான் பண்ருட்டிப் பக்கம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். முறையாகத் தொல்லியல் படித்தவன் இல்லை, முப்பது வருஷமாகத் தென்பெண்ணைக் கரையில் சைக்கிளை வைத்துவிட்டு நடந்தவன். மைனா தம்பி வாத்தியார் வேலைக்குப் போகச் சொல்கிறார், போனாலும் இதைச் செய்யலாம் என்பதற்கு நானே சாட்சி.

மற்றவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அரிக்கமேட்டுக்குப் போகிற பிள்ளைகள் மழை பெய்த மறுநாள் தரையில் மணி பொறுக்குகிறார்கள். அதைக் கையில் வைத்து போட்டோ எடுத்து, இடத்தையும் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார்கள். அப்படிப் பெரிய ஆட்களின் கண்ணில் படலாம் என்று நினைப்பு. கண்ணில் படும், வேறு விதமாகப் படும். 1937-இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அங்கே போனபோது ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைத்தான் வாங்கினார், மனித முகம் செதுக்கிய கல் ஒன்று கிடைத்து அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்றும் சொன்னார். அது அந்தக் காலம். இன்று அது பாதுகாக்கப்பட்ட இடம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, அதற்கும் முந்திய 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று ஒரு டீகூட வருவதில்லை, சட்டம் அப்படியே இருக்கிறது. எனவே பொருள் எதையாவது பார்த்தால் தொடாமல் படம் எடு, பக்கத்தில் பேனாவோ அளவுகோலோ வைத்து எடு, இடத்தைக் குறித்துக்கொள், இணையத்தில் போடாதே, தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவி. இடத்தைப் போட்டுவிட்டால் அடுத்த வாரம் கடப்பாரையோடு வேறு யாராவது வருவார்கள். வெள்ளம் வடிந்த பிறகு கரை சரிந்து உறைகிணற்று வளையம் தெரிந்த ஓர் இடத்தைப் பேப்பர்காரரிடம் நானே பெருமையாகக் காட்டினேன், செய்தி வந்தது. பத்து நாள் கழித்துப் போனால் வளையங்களைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். புதையல் தேடினார்களாம். அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

அப்பா யாரைப் பிடிக்கணும் என்று கேட்டாரே, அதற்கு ஒரு கதை. மார்ட்டிமர் வீலர் 1944-இல் தட்சசீலத்தில் ஒரு பயிற்சி முகாம் போட்டார். மறு வருஷம் அரிக்கமேடு, அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில், அவர்கள் அனுமதியோடு தோண்டினார். அந்த அறிக்கையை எடுத்துப் பார், அமலானந்த கோஷும் கிருஷ்ண தேவாவும் அதில் எழுதியிருக்கிறார்கள். கோஷ் 1953-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் ஆனார். தட்சசீலத்தில் பயிற்சி எடுத்த பி.பி.லால் 1968-இல் ஆனார். வீலரோடு குழியில் வெயில் காய்ந்தவர்கள் பல வருஷம் இந்தத் துறையை நடத்தியிருக்கிறார்கள். அப்பாவிடம் இப்படிச் சொல், யாரையும் பிடிக்க வேண்டாம், கரணையைப் பிடித்தால் போதும் என்று. அப்புறம் 1989 முதல் 92 வரை சென்னைப் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து விமலா பெக்லி தலைமையில் அதே அரிக்கமேட்டில் தோண்டியபோதும், இரண்டு நாட்டுக்காரர்களும் ஒன்றாகத்தான் வேலை செய்தார்கள்.

நம் மாவட்டத்திலேயே 2024-இல் மருங்கூரில் மாநிலத் துறை அகழாய்வு நடத்தியது, பண்ருட்டிக்குப் பக்கம்தான். நான் தினமும் போய் வேலி ஓரம் நிற்பேன், பத்தாவது நாள் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆற்றங்கரையில் மேற்பரப்பு ஆய்வுக்கு நாங்கள் ஆறு பேர் போகிறோம். இரண்டு பேர் பெண்கள், ஒருவர் என் வீட்டுக்காரி, அவளுக்குத் தொல்லியல் தெரியாது, ஆனால் ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் போய்த் தண்ணீர் வாங்கி வருவாள். வருவதானால் வா.


மைப்படி:

ஐயா, நானும் வருகிறேன். கெடிலக்கரை, நீ கடலூரிலிருந்து தனியாக வர வேண்டாம், என்னோடு வா. உன் வகுப்புத் தோழி யாராவது இருந்தால் அவளையும் சேர்த்துக்கொள். அம்மாவிடம் என் நம்பரைக் கொடு, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.


வண்டிப்பாளையம் மைனா:

ஐயா, ஆறு பேரில் ஏழாவதாக ஒரு கோபக்காரனுக்கு இடம் உண்டா? வண்டி இருக்கிறது, கடலூரிலிருந்து யாரையாவது ஏற்றி வரலாம்.


கெடிலக்கரை:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும், போனில் ரீசார்ஜ் இல்லை.

ஓட்டுச்சில்லு அண்ணா சொன்ன மாதிரி ஒருவருக்கு எழுதினேன். கட்டுரையை வாசிக்க மூன்று நாள் ஆனது, பாதி புரியவில்லை, புரியாததையே கேள்வியாகக் கேட்டுவிட்டேன். நேற்று இரவு பதில் வந்தது, ஆறு வரி! நான் கேட்ட கேள்வி தப்பு, காரைக்காட்டு ஓடுகளைப் பற்றி அவர் எழுதவே இல்லையாம், நான் வேறொருவர் கட்டுரையோடு குழப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று பெயரும் மெயிலும் கொடுத்து, "என் பெயரைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

அப்பாவிடம் கரணை கதையைச் சொன்னேன். "கூலி எவ்ளோ?" என்றார்.

மைனா அண்ணா, வண்டி வேண்டாம், நானும் தோழியும் அக்காவோடு பஸ்ஸில் வருகிறோம், நீங்கள் வந்தால் தண்ணீர் கேனை ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஐயா, ஞாயிறு எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும்? என்ன கொண்டு வர வேண்டும்? கொத்தனார் மாமா ஒருவரிடம் பழைய கரணை இருக்கிறது, வாங்கி வரவா?


பலாமரத்தடி:

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு, காலை ஆறரை. வெயில் ஏறுவதற்குள் பாதி முடித்துவிட வேண்டும். தொப்பி, மூடிய செருப்பு, நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், வேர்வையில் அழியும். சாப்பாடு எங்கள் வீட்டில். கரணையை மாமாவிடமே விட்டுவிட்டு வா பாப்பா, நாம் பார்க்கப் போகிறோம், தோண்டப் போகவில்லை. மைனா தம்பிக்கு இடம் உண்டு, ஏழாவது ஆள்தான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும்.